பதினைந்து கட்டம்

பிளேஸ்டேஷனில் எல்டன் ரிங் ஆடும்போது வட்டப் பொத்தானை அழுத்தினால் வீரன் உருண்டு தப்புவான். காட் ஆஃப் வார் ரக்னராக்கில் அந்த வேலையைச் செய்வது பெருக்கல் குறிப் பொத்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். மார்கிட் என்ற எதிரி தடியை ஓங்கும்போது விரல் நேற்றைய பழக்கத்தில் பெருக்கல் குறிக்குப் போகும். எல்டன் ரிங்கில் அது குதிக்கிற பொத்தான். குதித்த இடத்திலேயே அடிபட்டுச் சாக வேண்டியதுதான். கதை மறந்தால் யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம். விரல் மறந்ததை யாரிடம் கேட்பது?

கோலாலம்பூர் பங்சார் வீட்டில் என் ஆட்டங்கள் இப்படித்தான் பாதிப் பாதியில் நிற்கின்றன. பெர்சோனா 5 ராயல் நூறு மணி நேரம் கேட்கும்; நான் முதல் மாளிகையிலேயே இருக்கிறேன். ஸ்டார்டியூ வேலியில் பூசணி அறுவடைக்குத் தயார். பால்டர்ஸ் கேட் 3 மூன்றாம் அங்கத்தில் கிடக்கிறது. அதைச் செய்த லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரிலும் ஒரு பிரிவு உண்டு. முடிக்காமல் விடுவது ஊருக்கே செய்கிற துரோகம் என்று அவ்வப்போது தோன்றும். அப்படித் தோன்றுகிற நேரத்தில் பார்த்து ஸ்டீமில் தள்ளுபடி வந்துவிடும். ஜாலான் தெலாவியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆகிற ரிங்கிட்டுக்கு இன்னோர் ஆட்டம்.

பேராசை என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விட்ட இடத்தில் மறுபடி தொடரலாம் என்ற வசதி வந்ததிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது. மைக்ரோ ஜீனியஸ் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த பெட்டி அது. கேட்ரிட்ஜின் மேல் 64 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் ஒரே ஆட்டம் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மாரியோவோ கண்ட்ராவோ, உட்கார்ந்தால் எழுவதற்குள் முடிக்க வேண்டும். அம்மா சுவிட்சை அணைத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் தம்பி வேறு முறைக்குக் காத்திருப்பான். இரண்டு ஆட்டத்தைப் பாதியில் வைத்திருப்பது என்ற நினைப்பே அப்போது யாருக்கும் கிடையாது.

பிளேஸ்டேஷன் வந்தபோது மெமரி கார்டும் வந்தது. 128 கிலோபைட், 15 கட்டம். ஒரு ஆட்டம் ஒரு கட்டத்தோடு நிற்கும், இன்னொன்று பல கட்டத்தை விழுங்கும். இம்பி பிளாசாவில் கள்ள டிஸ்க் மலிவாகக் கிடைத்தது. யாரும் எத்தனையும் வாங்கலாம். ஆனால் கார்டு நிறைந்துவிட்டால் புதியதைத் தொடங்கப் பழையது ஒன்றை அழித்தாக வேண்டும். எதை அழிப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். அண்ணனுடைய ஃபைனல் ஃபேண்டசியை அழித்த பையன்கள் அந்த வாரம் எப்படி நடமாடினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். இன்றைக்கு பிளேஸ்டேஷன் 5 முதல் மாடலின் 667 ஜிகாபைட்டும் நிறைந்து ஆட்டத்தையே தூக்கி எறிந்தாலும், சேமித்த இடம் மட்டும் மேகத்தில் பத்திரமாக இருக்கும். எதுவும் அழிவதில்லை, அதனால் எதுவும் முடிவதுமில்லை.

ஒரே நேரத்தில் பலவற்றை ஆடுவது நமக்குப் புதிதா என்ன? நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்றால் முதுகில் விழும் நெல்லை எண்ண வேண்டும், சொக்கட்டான் ஆட வேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்ல வேண்டும். கார்டும் மேகமும் எல்லாம் தலைக்குள்தான். ஆனால் சபை கலைவதற்குள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிவிடுவார்கள். பாக்கி வைத்துவிட்டு எழுந்த அவதானி உண்டா?

கைப்பேசி ஆட்டங்களின் தந்திரம் வேறு. கென்ஷின் இம்பாக்டில் ரெசின் என்று ஒன்று இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு ஒன்று சேரும், 200 ஆனதும் நின்றுவிடும். கணக்குப் போட்டால் இருபத்தாறு மணி நேரமும் கொஞ்சமும். அதாவது நாளுக்கொரு முறை வந்து செலவழிக்காவிட்டால் வீண். தினமும் நாலு சின்ன வேலை வேறு. இதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்ச் கார்டு இல்லாத ஷிப்ட் வேலை. இது போல இரண்டு மூன்று வைத்திருப்பவர்களைக் காலையில் பங்சார் எல்.ஆர்.டி.யில் பார்க்கலாம். கே.எல்.சி.சி. வருவதற்குள் எல்லா ஆட்டத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள்.

என் அக்கா மகன் மொபைல் லெஜண்ட்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். வருடக்கணக்காக அது ஒன்றுதான். நடுவில் எழுந்துபோனால் நன்மதிப்புப் புள்ளி குறையும் என்பதால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். 2024 டிசம்பரில் அதன் உலகப் போட்டி புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கத்தில் நடந்தபோது அவன் எங்கே இருந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. என் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நீங்க கேம் வாங்குறீங்க மாமா, ஆடல லா” என்றான்.

முழுதாக ஆடி முடித்தது ஒன்று உண்டு: வெண்பா. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட சின்ன ஆட்டம். மறு வருடம் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது வாங்கியது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும் என்பது முதல் புதிர். ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். புதிரை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா விடையைச் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறு வாரம் நான் பால்டர்ஸ் கேட்டைத் திறந்து, எந்த மந்திரம் எந்தப் பொத்தானில் என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “இது என்னடா, சண்டையும் போடமாட்டேங்குறான், நகரவும் மாட்டேங்குறான். அந்த இட்லி விளையாட்டைப் போடு” என்றார்.