ஒரே கொசு, இரு பிள்ளைகள்

ஒரே வீட்டில், ஒரே பாயில் உறங்கும் இரு சிறுவரை ஒரே இரவில் கொசுக்கள் கடிக்கின்றன. ஒருவன் மறுவாரமும் துள்ளி விளையாடுகிறான். மற்றவனோ கடும் ஜுரத்தில் விழுந்து, வலிப்புக் கண்டு, நினைவிழக்கிறான். ஏன் இந்த ஓரவஞ்சனை? விலங்கியல் வகுப்பில் நோய்த்தடுப்பியல் பாடம் தொடங்கிய நாள் முதலாக இக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெயரளவில்தான் அயல்நாட்டு நோய். இந்தியாவில் அது முதன்முதலாக இனங்காணப்பட்டது 1955-ஆம் ஆண்டில், நம் வேலூரில்தான். நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதனைப் பரப்புகிறது. வைரஸ் செழித்து வளர்வது கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும். கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மாலையில் பள்ளிக்கரணைப் பக்கம் பறந்து செல்லும் கொக்குக் கூட்டத்தைக் காணலாம். அந்த வெண்சிறகுகளை நான் இன்றும் ரசிக்கத்தான் செய்கிறேன். பாவம், அவை என்ன செய்யும்!

வியப்பூட்டும் கணக்கு ஒன்றுண்டு. இவ்வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவரே கடும் நோய்க்கு ஆளாகிறார். ஏனையோருக்குத் தொற்று வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த ஒருவர் யார்? வயது, உடல்நிலை, கடித்த கொசுவின் எண்ணிக்கை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் பிறப்போடு வருவது.

அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் லெஸ்லி வெப்ஸ்டர் என்பவர் 1930-களில் சுண்டெலிகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த நோய்க்கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார். ஒரு வம்சத்து எலிகள் மடிந்தன; மற்றொரு வம்சம் தாங்கி நின்றது. பரம்பரையில் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. அந்த 'ஏதோ' எது என்று கண்டுபிடிக்க 2002 வரை ஆயிற்று! நோய்க்கு இரையாகும் எலிகளில், எதிர்ப்பாற்றல் மரபணு ஒன்றின் நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. ஓரெழுத்துப் பிழையால் வந்த வினை.

மனிதரிலும் சான்று உண்டு. ஹெர்பிஸ் என்னும் வேறொரு வைரஸ் பெரும்பாலோருக்கு உதட்டுக் கொப்புளத்தோடு விட்டுவிடும். மிகச் சிலருக்கே மூளையைத் தாக்கும். அப்படித் தாக்குண்ட குழந்தைகளில் டி.எல்.ஆர்.3 என்ற மரபணு பழுதுற்றிருந்ததை 2007-இல் பிரான்சின் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வைரஸ் நுழைந்ததும் மூளைச் செல்களில் கூக்குரல் எழுப்பும் காவற்காரன் அது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: அதே பழுதைத் தாங்கியிருந்த உறவினர் சிலர், அதே வைரஸ் தொற்றியும், நலமாகவே இருந்தனர்!

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் வாழும் என் பெரியம்மாவின் மூத்த மகனுக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. அண்ணன் பிழைத்தார். வலக்கை இன்றும் முழுதாக வசப்படவில்லை, பேச்சும் குழறும். உடன் படுத்திருந்த தம்பிக்குத் தலைவலிகூட இல்லை. "உன் வயிற்றுத் தோஷம்" என்று பெரியம்மாவை ஊரார் ஏசினர், சொந்த வீட்டாரும் ஏசினர். இனி விஞ்ஞானம் படித்தவர் யாரேனும் வந்து 'பரம்பரைக் கோளாறு' என்று அதே வசையைப் புதுப்பெயரில் பாடிவிடக் கூடாதே என்பது என் அச்சம். அண்ணனின் மரபணுவை எவரும் சோதித்ததில்லை. சோதித்து ஒரு பிழை தென்பட்டாலும், அது தந்தை வழியிலும் வந்திருக்கலாம், தாய் வழியிலும் வந்திருக்கலாம், கருவிலேயே புதிதாகவும் தோன்றியிருக்கலாம். எலியின் வம்சம் போல் மனிதக் குடும்பத்தை எடைபோட முடியாது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்போ என் தப்பு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்க நினைத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்நோய்க்கான தடுப்பூசி இயக்கம் நம் நாட்டில் 2006-இல் தொடங்கியது. அண்ணனுக்கு அது எட்டவில்லை. நோய் மிகுந்த மாவட்டங்களில் இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்றும், 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்றுமாக இரு தவணை ஊசி அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி போடும் செவிலியர் எந்த மரபணுவையும் கேட்பதில்லை. அட்டையில் தேதியைப் பார்க்கிறார், அவ்வளவே.