கழுத்தில் இருந்தது அழுக்கில்லை!

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. என் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. 'இன்னும் என்ன குழந்தையா நான்?' என்று சிணுங்குவாள். எனக்கோ அவள் பிடரியை விட மனசு வரவில்லை. வெல்வெட் துணி மாதிரித் தடித்து, கருப்பாக ஒரு பட்டை. பயத்தமாவு போட்டாயிற்று, தயிரும் கடலைமாவும் போட்டாயிற்று, எலுமிச்சம்பழ மூடியும் தேய்த்தாயிற்று. அன்றைக்குப் பீர்க்கங்காய் நாரை எடுத்தேன்.

"அம்மா, எரியுதும்மா... விடும்மா!"

"எரியட்டும். ஒழுங்கா சோப்புப் போட்டுக் குளிச்சா ஏன் இப்படி அழுக்கு சேருது? நாலு பேர் பார்த்தா என்னைத்தானே சொல்வாங்க!"

அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. மறுநாள் அந்தப் புழுக்கத்திலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினாள். பிடித்து இழுத்துப் பார்த்தால், தோல் உரிந்து புண்ணாகி இருந்தது. அதற்குக் களிம்பு வாங்கத்தான் டாக்டரம்மாவிடம் போனோம்.

அவர் களிம்பு எழுதுவதற்கு முன் அவளுடைய அக்குளைப் பார்த்தார். அங்கேயும் அதே கருப்பு. மேஜை டிராயரிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து வயிற்றை அளந்தார். 84 சென்டிமீட்டர். உயரம் 156.

"மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

"மூணு மாசமா வரலை. இந்த வயசுல அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

"இவ வயித்துல இருக்கும்போது உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏழாம் மாசம் இருந்தது டாக்டர். பிரசவத்தோட போயிடுச்சு."

"இது அழுக்கில்லைம்மா" என்றார் அவர். "எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. உள்ளே இன்சுலின் தேவைக்கு மேலே சுரக்குதுன்னு தோல் எழுதிக் காட்டுற மாதிரி இருக்கு. ரத்தம் பார்த்துடலாம்."

ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 104. நூறுக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி 5.9, 5.7-க்குள் இருக்க வேண்டும். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது.

"எப்படி டாக்டர்? இவ குண்டு கூட இல்லையே. பூசினாப்பல, கண்ணுக்கு லட்சணமாத்தானே இருக்கா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது அல்லவா? அதற்குப் பெயர் அழற்சி. உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் வந்து சண்டை போடுகின்றன. சண்டை முடிந்ததும் சூடு தணிந்துவிடும். அது நல்ல அழற்சி. இன்னொன்று இருக்கிறது. உமி மூட்டத்தில் நெருப்பு வைத்தால் ஜுவாலை தெரியாது; ஆனால் உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அந்த மாதிரி.

வயிற்றுக் கொழுப்பு, பரணில் போட்ட பழைய பாத்திரம் மாதிரி சும்மா கிடப்பதில்லையாம். கொழுப்பு அணுக்கள் அளவுக்கு மீறி உப்பும்போது, வெள்ளை அணுக்கள் அங்கேயும் காவலுக்கு வந்து கூடிவிடுகின்றன. முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் சண்டைக்கான ரசாயனங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அதில் ஒன்றான டி.என்.எஃப். ஆல்ஃபா, கொழுத்த எலிகளின் கொழுப்பில் சுரந்து இன்சுலின் வேலையைக் கெடுப்பதை 1993-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உடம்பு திறக்க மாட்டேன் என்கிறது. உடனே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் தோலின் அணுக்களைத் தூண்டிப் பெருக வைக்கிறது. அதுதான் கழுத்துக் கருப்பு! மாதவிலக்கு தள்ளிப்போவதற்கும் அதுவே ஒரு காரணமாகலாம். பருவ வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினின் பிடி கொஞ்சம் தளரும். அதோடு இதுவும் சேர்ந்தால் பாரம் இரட்டிப்பு.

"பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, நம்ம ஊர் உடம்பு வாகு அது" என்றார் டாக்டரம்மா. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்களாம். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ, லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அதனால்தான் எடை மெஷினை மட்டும் நம்பாமல் டேப்பை எடுக்கச் சொல்கிறார். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். என் பெண்ணுக்கு 78-க்குள்.

"அந்த அழற்சியை அளக்க ஏதாவது டெஸ்ட் உண்டா?" என்றார் என் கணவர். சி.ஆர்.பி. என்று ஒன்று உண்டு. கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். கொழுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கு அது சற்று உயர்ந்தே இருப்பதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் சாதாரண ஜலதோஷத்துக்கே அது எகிறிவிடுமாம். "அதுக்கு வேற செலவு வேண்டாம், டேப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. பிஸ்கட் டப்பாவைப் பூட்டினேன். இட்லியை எண்ணி வைத்தேன். மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி. மாமியார், "வளர்ற பொண்ணு வாயைக் கட்டாதே" என்று சண்டைக்கு வந்தார். பெண்ணோ டியூஷன் வாசல் பேக்கரியில் பப்ஸும் கலர் சோடாவும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். டாக்டரம்மாவும் மாமியார் கட்சிதான்! "பட்டினி போடாதீங்க. அவளுக்குத் தனிச் சமையலும் வேண்டாம். வீட்டுக்கே மாத்துங்க. கேழ்வரகும் மாவுச்சத்துதான், கூழாக் குடிச்சா சீக்கிரம் சர்க்கரையாயிடும்" என்றார்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே சமையல். தட்டில் பாதி பொரியலும் கூட்டும், கால் பாகம் சாதம், கால் பாகம் பருப்போ சுண்டலோ முட்டையோ. சாயங்காலம் வேர்க்கடலை, கொய்யாப்பழம். இனிப்பு சோடா வீட்டுக்குள் வருவதில்லை. 200 மில்லியில் சுமார் 20 கிராம் சர்க்கரை, நாலைந்து டீஸ்பூன்! தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்றதும், டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிடுவதை இவர் நிறுத்தினார். மொட்டை மாடியில் நானும் அவளும் ஸ்கிப்பிங். நான் பத்து குதித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன், அவள் சிரிப்பாள். ராத்திரி பத்துக்கு எல்லோர் செல்போனும், என்னுடையதும்தான், ஹால் அலமாரிக்குப் போய்விடும். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டுமாம். தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் தடுமாறும்.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னையும் விடவில்லை. "பிரசவத்தோட போயிடுச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்போ பார்த்தீங்க?" பதினாலு வருஷமாகப் பார்க்கவே இல்லை! கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பார்த்தேன். எனக்கு 7.1, மறுபடி பார்த்தும் மாறவில்லை. சர்க்கரை வியாதியே வந்துவிட்டது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். மகளின் கழுத்தைத் தேய்த்த நான், என் கழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததே கிடையாது.

எட்டு மாதம் ஆயிற்று. அவளுக்கு வயிறு 79, சராசரி 5.6. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. கழுத்து கொஞ்சம்தான் வெளுத்திருக்கிறது. அது மெதுவாகத்தான் போகும், சிலருக்கு முழுசாகப் போகாமலும் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் கழுத்தில், அக்குளில் இப்படிக் கருப்புத் தெரிந்தால் நாரை எடுக்காதீர்கள், டேப்பை எடுங்கள். எல்லாக் கருப்பும் இதுவாக இருக்காது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். முக்கியமாக, குழந்தையைத் திட்டாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிட்டேன். வந்து முன்னால் உட்கார்ந்தாள். துப்பட்டாவைக் கழற்றி வைத்தவள், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "தேய்க்க மாட்டியேம்மா?"

"மாட்டேண்டி கண்ணு" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.