எண்ணெய் ஊற்றின் மீது ஒரு நாடு: புருனை தாருஸ்ஸலாம்



உலகப் படத்தில் போர்னியோத் தீவைத் தேடுங்கள். அதன் வடகரையில், மலேசியாவின் சரவாக் மாநிலம் மூன்று பக்கமும் சூழ, நகக்கண் அளவில் ஒரு நாடு தெரியும். அதுவே ‘அமைதியின் இல்லம்’ எனப் பொருள்படும் புருனை தாருஸ்ஸலாம். பரப்பு 5,765 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ நாலரை இலட்சம். அந்தச் சிறு நிலமும் இரு துண்டுகளாகக் கிடக்கிறது. கிழக்கிலுள்ள தெம்புரோங் மாவட்டத்திற்குத் தரைவழியே செல்வோர் முன்பு அந்நிய மண்ணைக் கடந்தே ஆகவேண்டும். 2020-இல் கடலின் மீது சுமார் 30 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அத்தொல்லை தீர்ந்தது.

தலைநகர் பந்தர் ஸ்ரீ பகவானுக்கு நீங்கள் சென்றால், முதலில் கண்ணைக் கவர்வது 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட உமர் அலி சைஃபுத்தீன் பள்ளிவாசலின் பொற்குவிமாடம். அதன் அருகே ஓடும் ஆற்றில், நீருக்குள் ஊன்றிய கால்களின் மீது வீடுகளும் பள்ளிக்கூடங்களும் நிற்கின்றன. அதுவே கம்போங் ஆயர் என்னும் நீர்க்கிராமம். எண்ணெய் வருவதற்கு நெடுங்காலம் முன்பே புருனை மக்கள் வாழ்ந்த முறை அது. வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை கடைகளும் உணவகங்களும் அடைக்கப்பட்டிருக்கும். ஜும்ஆ தொழுகைக்காக அரசு விதித்த சட்டம் இது. மது விற்பனைக்கு 1991 முதல் தடை. தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற நம் முஸ்லிம் வணிகர்களின் துணிக்கடைகளையும் உணவகங்களையும் அந்நகரில் காணலாம்.

கறுப்புப் பொன்

1888-இல் பிரிட்டனின் பாதுகாப்பை நாடியபோது புருனை நலிந்து சுருங்கிய அரசாக இருந்தது. 1929-இல் செரியா என்னும் கடலோரச் சதுப்பு நிலத்தில் எண்ணெய் பீறிட்டது. நாட்டின் விதி அன்றே மாறியது. 1991-இல் செரியா வயல் நூறு கோடியாவது பீப்பாயைக் கண்டது; அதன் நினைவுச்சின்னம் கடற்கரையில் நிற்கிறது. 1963-இல் கடலடியிலும் பெருவயல் கிடைத்தது. 1972 முதல் லுமுத் ஆலையில் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயு கப்பலேறி ஜப்பானுக்குச் செல்கிறது.

இச்செல்வம் மக்களைச் சென்றடையவில்லை என எவரும் கூறவியலாது. 1953-இல் மூன்றாம் உமர் அலி சைஃபுத்தீன் பத்துக் கோடி டாலரில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 1955-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது. குடிமக்களுக்குக் கல்வி இலவசம். மருத்துவம் ஏறக்குறைய இலவசம். தனிமனிதருக்கு வருமான வரி இல்லை. நாணயமோ 1967 முதல் சிங்கப்பூர் டாலருக்கு நிகராக நிற்கிறது.

வரி இல்லை, வாக்கும் இல்லை

ஆட்சிமுறையைக் கவனியுங்கள். 1959-இல் அரசியல் சட்டம் இயற்றப்பட்டது. 1962 தேர்தலில் சட்டமன்றத்தின் தேர்வு இடங்கள் அனைத்தையும் புருனை மக்கள் கட்சி வென்றது. ஆயினும் மன்றம் கூடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அக்கட்சியினர் கிளர்ந்தெழுந்தனர். பிரிட்டிஷ் படை அதனை அடக்கியது. அன்று பிறப்பித்த நெருக்கடி நிலை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வருகிறது.

1967-இல் தந்தை பதவி துறக்க, சுல்தான் ஹஸனல் போல்கியா அரியணை ஏறினார். 1984 ஜனவரி 1 அன்று நாடு முழு விடுதலை பெற்றது. சுல்தானே பிரதமர், பாதுகாப்பு, நிதி, வெளியுறவுத் துறைகளும் அவர் கையிலேயே. 2004-இல் சட்டமன்றம் மீண்டும் கூட்டப்பட்டது. பொதுத் தேர்தல் மட்டும் நடைபெறவில்லை. ‘மலாய், இஸ்லாம், மன்னராட்சி’ என்பதே அரசின் கொள்கை முழக்கம்.

குடிமகன் வரி செலுத்தும் நாட்டில் அவன் கணக்குக் கேட்பான். வரியே வாங்காத அரசிடம் கணக்குக் கேட்பது யார்? 1998-இல் அமெடியோ என்னும் மாபெரும் கட்டுமானக் குழுமம் கடனில் மூழ்கிச் சரிந்தது. அதன் தலைவர் சுல்தானின் தம்பியும் முன்னாள் நிதியமைச்சருமான இளவரசர் ஜெஃப்ரி. 2000-இல் அரசே அவர் மீது வழக்குத் தொடுத்துப் பின்னர் சமரசம் செய்துகொண்டது.

ஊற்று வற்றும் நாள்

எண்ணெய் உற்பத்தி 1979-இல் நாளொன்றுக்கு இரண்டரை இலட்சம் பீப்பாய்களை நெருங்கி உச்சம் தொட்டது. பின்னர் இறங்கிப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு நெடுங்காலம் எண்ணெயும் வாயுவுமே. எனவே 2014-இல் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது நாட்டின் வருவாயும் உடன் வீழ்ந்தது. 2017-இல் வேலையின்மை ஒன்பது சதவிகிதத்தைத் தாண்டியது. செல்வச் செழிப்புள்ள நாட்டில் வேலையின்மையா என வியக்கிறீர்களா? படித்த இளைஞர் அரசுப் பணிக்காகக் காத்திருக்கின்றனர். கடைகளிலும் கட்டடப் பணியிலும் வெளிநாட்டவர் உழைக்கின்றனர். கேளாமலே கிடைத்த செல்வம், தேடும் பழக்கத்தைக் குறைத்துவிட்டது.

அரசு வாளாவிருக்கவில்லை. 1983-இல் தொடங்கிய முதலீட்டு முகமை எண்ணெய்ப் பணத்தை வெளிநாடுகளில் விதைத்து வருகிறது. ‘விஷன் 2035’ திட்டம் எண்ணெய் சாராத பொருளாதாரத்தை இலக்காகக் கொண்டது. 2019-இல் மூவாரா பெசார் தீவில் சீன நிறுவனத்தின் கூட்டுறவோடு பெரிய சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதுவும் எண்ணெயைச் சார்ந்ததே என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

வாசகர்களே! இது தொலைதூர நாட்டின் கதை மட்டுமன்று. நம் இல்லங்கள் பலவற்றிலும் ஓர் எண்ணெய்க் கிணறு உண்டு. கடல் கடந்து உழைக்கும் கணவர், மகன், சகோதரர் மாதந்தோறும் அனுப்பும் பணமே அது. மாடி எழும்புகிறது, நகை சேர்கிறது, பிள்ளைகள் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கிணற்றுக்கும் ஓர் அடி உண்டு. பணம் வருகின்ற காலத்திலேயே பிள்ளைகளின் கையில் கல்வியையும் தொழிலையும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கணக்கை இல்லத்தரசியும் வளர்ந்த பிள்ளைகளும் அறியட்டும், கேள்வி கேட்கட்டும். புருனை இன்று கற்க முயலும் பாடத்தை நாம் நம் வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.