இடுப்பளவுத் தண்ணீர்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் ராயபுரத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. ஒன்றாம் எண் என்றால் எங்கோ தொலைவில் ஏதோ உருவாகிறது. மூன்று என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று ஏறினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எங்கள் தெருவில் பம்பரம் விடுகிற பையனுக்கும் தெரியும். கடலுக்கு அப்படி ஒரு பயபக்தி.

ஏரிக்கு அது கிடையாது.

என் தாய்மாமா பெண் எடுத்தது பழவேற்காட்டில். கல்யாணமான சில வருஷத்தில் கடல் தொழிலை விட்டுவிட்டு, மச்சான்களோடு ஏரித் தொழிலுக்குப் போய்விட்டார். ராயபுரத்துச் சொந்தக்காரர்களுக்கு அது ஒரு படி இறக்கமாகத் தெரிந்தது. "அலையே இல்லாத தண்ணியில இன்னாத்த மீன் புடிக்கிறது, துண்டைப் போட்டு அள்ளிக்கினு வரலாமே" என்று பெரியப்பா கேலி செய்வார். மாமா பதில் சொல்ல மாட்டார். பீடியை அணைத்துவிட்டு எழுந்து போவார்.

அந்த ஏரியைப் பெரியப்பா பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒடிசாவின் சிலிகாவை விட்டால் இந்தியாவில் அதற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடுதான். முக்கால்வாசிக்கும் மேல் ஆந்திராவில் கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்குப் பக்கம் ஆரணியாறும் மேற்கிலிருந்து காளங்கியாறும் வந்து சேர்கின்றன. நடு ஏரியில் நின்றால் சில பக்கம் கரையே தெரியாது. ஆனால் பல இடங்களில் ஆழம் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. ஆளை ஏமாற்றுவது இந்த இடுப்பளவுதான்.

எனக்குப் பதினாறு வயசு. ஆகஸ்டு மாதம், மதியத்துக்கு மேல். மாமாவுடைய சின்ன ஃபைபர் படகில் நானும் அவரும் மட்டும். இறால் வலையை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஏறும்போதே காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கயிற்றோடு என் இடுப்பில் கட்டிவிட்டிருந்தார். கரையில் இரண்டு பெண் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். வாலில் தகர டப்பா கட்டிய குரங்கு மாதிரி இருந்திருப்பேன். தண்ணீருக்குள் போனதும் அதை அவிழ்த்துக் காலடியில் போட்டுவிட்டேன்.

நான் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக்காரன் பழக்கம் அது. நமக்கு ஆபத்து வருவது கிழக்கிலிருந்து. மாமா வலையை இழுத்தபடியே அடிக்கடி தலையைத் திருப்பி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வானம் மை கொட்டினமாதிரி ஆகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மாலையில் வருகிற இடிமழை உள்நாட்டில் கட்டிக்கொண்டு, பொழுது சாயச் சாயக் கடலைப் பார்த்து நகர்ந்து வரும். மழைக்கு முன்னால் காற்று வரும். அது ஏரியின் மேல் இறங்கினால் படகைத் தள்ளுகிற திசை கிழக்கு. அந்தப் பக்கம்தான் முகத்துவாரம். வற்றம் இறங்குகிற நேரமாக இருந்தால் உள்தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகக் கடலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும், எதிரே கடலலை வந்து மோதிக்கொண்டிருக்கும். ஏரிப் படகு அந்த இடத்துக்குக் கட்டினது இல்லை.

முதலில் ஒரு குளிர்ச்சி. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஏரி முழுக்க அலை. கடலலை வேறு: நீளமாக வரும், படகு ஏறி இறங்க இடம் கொடுக்கும். ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று கிளப்புகிற அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்றாக வரும். ஒன்றைச் சமாளித்து நிமிர்வதற்குள் அடுத்தது உள்ளே விழும். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. பயத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"குந்துடா!"

மாமா அப்படிக் கத்தி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. குந்தினேன் என்று சொல்வதைவிட விழுந்தேன் என்பதே சரி. பலகையில் இல்லை, படகின் அடியில், இறாலுக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் நடுவில். அவர் நங்கூரத்தை அணியத்திலிருந்து இறக்கினார். படகு காற்றுக்கு முகம் காட்டித் திரும்பி நின்றது. வலையில் பாதி இன்னும் தண்ணீரில் இருந்தது. கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து இறைக்கச் சொன்னார். படகு தள்ளுகிற கழியை எடுத்துப் படுக்கப் போட்டார். மின்னல் வெட்டும்போது தட்டையான ஏரியில் நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் கழி பிடித்த ஆள்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முக்கால் மணி நேரம் இறைத்தேன். நடுவில் ஒருதரம், "தண்ணி இடுப்பளவுதானே மாமா, எறங்கி நின்னுடலாமா?" என்று கேட்டேன்.

"எறங்கிப் பாரு. சேறு முழங்கால் வரைக்கும் புடிச்சிக்கும். அலை மூஞ்சியில அடிக்கும். அந்த எடத்துலதான் மாப்ள போய்ச் சேர்வானுங்க."

கரை சேர்ந்த பிறகு திட்டவில்லை. அவிழ்த்துப் போட்ட கேனை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. அதே ஏரியில் உல்லாசமாகச் சுற்றப்போன குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். அளவுக்கு மீறி ஆள், யாருக்கும் உயிர்காப்பு மிதவை இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரியைத் தடை செய்தார்கள். செய்தி வந்த அன்று இரவு மாமாவுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மீனை ஏத்துற படகுல மனுசாளை ஏத்துறானுங்க. மீன் எழுந்து நின்னு போட்டோ புடிக்காது" என்றார். இத்தனை வருஷத்தில் நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. ஆள் எழுந்தால் பாரம் மேலே ஏறுகிறது. ஒரு பக்கம் எதையோ பார்க்க எல்லோரும் சாய்ந்தால், குறுகிய படகு திரும்பி நிமிர வழியில்லை.

எங்கள் ராயபுரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கடலில் தள்ளித்தான் நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலாப் படகு. ஆணியில்லாமல் நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்தது, அலையடித்தால் வளைந்து கொடுக்கும். அலை மோசமான நாட்களில் கூடவே கட்டுமரங்களும் போகும், தவறி விழுகிறவர்களைத் தூக்க. அப்படி உயிர்காத்த கட்டுமரக்காரர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் கொடுத்திருக்கிறது. அந்தப் படகோட்டிகள் எழுப்பியதுதான் ராயபுரத்துப் புனித பேதுரு கோயில். பக்கத்தில் இன்னொரு மரம் போக வேண்டும் என்பது அந்தக் காலத்து அறிவு. மாமாவும் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு தனிப் படகாகப் போனதில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மச்சான் படகு இருக்கும்.

ஆனால் எல்லா நாளும் மேற்கே பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டை இல்லாமல் தொழில் நடக்க இதைவிட நல்ல ஏற்பாடு நான் கண்டதில்லை. சங்கடம் என்னவென்றால், உன் பாடு வருகிற நாள் காற்று வருகிற நாளாகவும் இருக்கலாம். விட்டால் அந்த முறை போச்சு. கரையில் உட்கார்ந்துகொண்டு "ஏன் போனான்?" என்று கேட்பது சுலபம்.

இந்தப் பக்கம் எண்ணூர்க் கழிமுகத்தில் கதை வேறு. கொசஸ்தலையாறு கடலில் சேருகிற இடம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து அடி மேடேறிவிட்டது. அப்பா காலத்தில் கழி ஊன்றினால் எங்கே எவ்வளவு ஆழம் என்று கை சொல்லும்; இன்றைக்குக் கழி சாம்பல் சேற்றில் மாட்டிக்கொண்டு ஆளைப் பின்னால் இழுக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படிந்தபோது, மீனவர்களே படகில் போய் கையால் மொண்டு அள்ளினார்கள். நான் போய்ப் பார்த்த அன்று ஒரு படகில் ஏறக் கால் வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் படகில் நின்றுதான் நாள்முழுக்க அள்ளியிருக்கிறார்கள்.

லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. போடாதவர்களை மடையர்கள் என்று பேசுவதை நிறுத்த வேண்டும். வெயிலில் வேகிறது, வலை இழுக்கும்போது வார் சிக்குகிறது, குனிந்தால் தாடையில் இடிக்கிறது. படகில் அதைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலை இழுக்கிற உடம்புக்குத் தோதாக யாராவது தைத்துக் கொடுத்தால் போடுவார்கள். அதுவரை மாமாவின் கேன் மோசமில்லை, மூடி இறுக்கமாக இருந்தால். இன்னொன்று: கவிழ்ந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. உள்ளே நுரை அடைத்த ஃபைபர் படகு குப்புறக் கிடந்தாலும் மிதக்கும். தேடி வருகிறவர் கண்ணில் தலை படாது, படகு படும்.

மாமா இப்போது தொழிலுக்குப் போவதில்லை. போன மாதம் பழவேற்காடு போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அத்தை, மேற்கே இடி கேட்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, ஏரிக்குப் போயிருந்த மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். அரைமணி கழித்து இருவரும் நனைந்துகொண்டு வந்தார்கள். பையன் இடுப்பில் கேன் இருந்தது.