கல்விச் செருக்கும் கழிவிரக்கமும்

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வார்க்கு அப்பயிற்சியினிடத்தேயே ஓர் இடையூறு நேர்தல் உண்டு. நூற்பொருள் அறிவில் ஏறுந்தோறும், அறிந்தோம் என்னும் எண்ணமும் உடன் ஏறுகின்றது. களிம்பு செம்பைப் பின்னாளில் வந்து பற்றியதன்று. செம்பு உள்ள அன்றே உடனுள்ளது. உயிரைப் பற்றிய ஆணவமும் அத்தன்மைத்தே. ஆகலின் அது கல்லாதாரைப் பற்றிக் கற்றாரை விட்டொழிவதன்று. கற்றாரிடத்து அது கல்வியையே தனக்குப் போர்வையாகக் கொள்கின்றது. போர்வை தூயதாயிருத்தலின், உள்ளே கிடப்பது இன்னதென்பது அதனையுடையார்க்கே புலனாவதில்லை.

புறவிருளுக்கும் இவ்வகவிருளுக்கும் உள்ள வேற்றுமையை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே தெளிவுறுத்தினார். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும், இருள் உளது என்பதையேனும் கண்ணுக்குக் காட்டும். ஆணவமோ பிற பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். இருட்டறையில் நிற்பவன் விளக்குத் தேடுவான். தான் நிற்பது இருள் என்று உணராதவன் எதனைத் தேடுவான்? கழிவிரக்கம் அரிதாதற்குக் காரணம் இதுவே. குற்றம் செய்தோர் உலகிற் பலர்; குற்றத்தைத் தம்மதாகக் கண்டோர் சிலர்.

இதற்குச் சான்றாவது சந்தான குரவர் நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியாரது வரலாறு. அவர் திருத்துறையூரில் ஆதிசைவ மரபில் தோன்றியவர். 28 ஆகமங்களிலும் வல்லவராதலின் சகலாகம பண்டிதர் என்று சிறப்பிக்கப்பெற்றார். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய இப்பண்டிதரை அடைந்தபோது, தேவாரத் திருமுறைக்குப் பூசை செய்து கயிறு சாத்திப் பார்க்குமாறு இவர் பணித்தார் என்பர். ஆங்குக் கிடைத்தது திருஞானசம்பந்தர் திருவெண்காட்டுப் பதிகத்துள் ஒரு பாடல். அதன்வழி அத்தலத்தை வழிபட்டுப் பெற்ற புதல்வரே சுவேதவனப்பெருமாள்; திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரால் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்னும் பெயர் பூண்டவர்.

ஆண்டு சில சென்றன. தம் மாணாக்கர் பலரும் ஓர் இளம்பிள்ளையிடம் பாடங்கேட்கச் செல்கின்றனர் என்பது பண்டிதர் செவிக்கு எட்டிற்று. அகவையால் மூத்தவர், மரபால் குரு, கல்வியால் ஒப்பற்றவர், பொறுப்பாரோ? திருவெண்ணெய்நல்லூர்க்குச் சென்று, மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருக்கும் வேளையில் எதிரே நின்று, அவ்வாணவமலத்தின் உருவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் விடையாக ஒரு சொல்லும் கூறவில்லை. பண்டிதரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். அந்நோக்கே விடையாயிற்று. வினவி நின்ற நிலையே வினாவப்பட்ட பொருளின் உருவம் என்பது பண்டிதர்க்கு விளங்கிற்று. அக்கணமே அவ்விளையவர் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி என்னும் பெயரும் பெற்றார்.

இதன்கண் ஆராயத்தக்கது ஒன்றுண்டு. ஆணவத்தைப் பற்றி ஆகமங்கள் கூறுவன யாவும் பண்டிதர்க்கு முன்னரே தெரிந்தவை. இலக்கணமும் எடுத்துக்காட்டும் வினவின் தடையின்றி ஒப்பித்திருப்பார். அவர் அறியாதிருந்தது, அந்நூல் தம்மைக் குறித்துப் பேசுகின்றது என்பது ஒன்றே. மருத்துவ நூல் முழுதும் கற்ற ஒருவன் தன் உடம்பின் நோயை அறியாதிருத்தல் போல்வது அது. மெய்கண்டார் புதிதாக எதனையும் கற்பிக்கவில்லை. கற்ற நூலைக் கற்றவர்பால் திருப்பினார், அவ்வளவே.

கழிவிரக்கம் என்பதும் இதுவே. வினைப்பயனுக்கு அஞ்சி நடுங்குதல் கழிவிரக்கம் ஆகாது. அது துன்பத்துக்கு அஞ்சுதலேயன்றிக் குற்றத்துக்கு அஞ்சுதலன்று. பிறர் இகழ்வரே என்று நாணுதலும் ஆகாது; இகழ்வார் இல்லாத இடத்து அந்நாணமும் இல்லையாம். என்னிற் கடையர் எவருமிலர் என்று ஓயாது தன்னையே நொந்துரைத்தலும் முழுதும் ஆகாது. அங்கும் நான் என்பதே முன்னிற்றல் கூடும். தன் சிறுமையை எண்ணிக்கொண்டேயிருப்பவனும் தன்னையே எண்ணிக்கொண்டிருப்பவன் அல்லனோ? மெய்யான இரக்கத்தில் உயிரின் நோக்கு தன்னை விட்டுத் தலைவன்பால் திரும்புகின்றது. சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடத்து வளர்ந்து தன்னை மறந்த நிலையைச் சொல்லுகின்றது. வேடர் சேரியில் வளர்ந்த அரசகுமாரனுக்கு, நீ இன்னான் மகன் என்று தந்தையே வந்து உணர்த்தினால், அவன் கழிந்த நாளுக்கு இரங்குவான். எனினும் சேரியில் அமர்ந்து அழுதுகொண்டிரான். எழுந்து தந்தையின் பின்னே செல்வான். அழுகையினும் அச்செலவே சிறந்தது. அவ்விரக்கமும் அவன் தானே உண்டாக்கிக்கொண்டதன்று; தந்தை வந்தமையால் உண்டாயது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவிடத்துச் சத்திநிபாதம் நிகழும் என்று நூல்கள் கூறுதலின், இரங்கும் நெஞ்சமும் அருளின் கொடையே என்க.

இனி, இரங்கியபின் பழைய கல்வி என்னாயிற்று என்பது சிந்திக்கற்பாலது. பண்டிதர் ஏடுகளைத் தீயிலிட்டாரல்லர். முன்னர்ச் செருக்கால் ஒரு வினா நிகழ்த்தியவர், பின்னர்ப் பணிவால் பல வினாக்களை ஆசிரியரிடம் விண்ணப்பித்தார். அவையே 20 செய்யுட்கள் கொண்ட இருபா இருபஃது ஆயின. அந்நூலில் ஆணவத்தின் குணங்கள் 8 என எண்ணப்பெற்றுள்ளன. மதம் அவற்றுள் ஒன்று. அன்று சொல்லின்றிப் பெற்ற விடையை ஈண்டுச் சொல்லால் எழுதிவைத்தார் போலும். 12 சூத்திரங்களாய் அமைந்த சிவஞானபோதத்தின் பொருளை விரித்துச் சிவஞான சித்தியாரை அருளினார். அதன் பரபக்கத்தில் 14 மதங்களின் கொள்கைகள் எடுத்து மறுக்கப்படுகின்றன. முன்னைய பரந்த கல்வி இல்லையாயின் அந்நூல் பிறந்திராது. கழிந்தது செருக்கு, கல்வியோ பணியாயிற்று.

அதே திருவெண்ணெய்நல்லூரில் அதற்கு முன்னும் இத்தகையதொன்று நிகழ்ந்ததைப் பெரிய புராணத்தால் அறிகின்றோம். மணக்கோலத்து நம்பியாரூரர், ஓலை காட்டி வழக்காட வந்த முதிய வேதியரைப் பித்தன் என்று வைதார். வந்தவர் இறைவர் என்று திருவருட்டுறையில் உணர்ந்து உருகி, யாது சொல்லிப் பாடுவேன் என்று திகைத்தபோது, வைத சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி ஆணை பிறந்தது. இறைவர் அச்சொல்லைத் தள்ளவில்லை. அதனையே பாமாலைக்கு முதல் மலராக ஏற்றார். அடியாரது பிழையிலிருந்து களிம்பை நீக்கிச் செம்பைப் பொன்னாக்கிக்கொள்ளுதல் அவர் இயல்பு.

ஆகலின் சாத்திரம் பயில்வார் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றுளது. சித்தியார் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானநெறியை வகுத்தது. கேட்டலோடு நின்று பிறர்க்கு உரைக்கப் புகுவார் பலர். அவர்க்கு நூல் நாவளவில் நின்றுவிடும். சிந்தித்தலாவது, ஓதிய பொருளைத் தன்மேல் வைத்துப் பார்த்தல். சபையில் ஓர் அன்பர் திருமுறை ஓதும்போது சொல் ஒன்று பிறழ்கின்றது. அதனைக் கேட்ட புலவர் முகஞ்சுளிக்கின்றார். பிழையை அறிந்தது கல்வி; முகத்தைச் சுளிக்கச் செய்தது எது? இவ்வொரு வினாவை அன்றிரவு தனித்திருந்து தம்மையே வினவுவாராயின், அப்புலவர்க்கு ஆணவத்தின் இயல்பைக் கூறும் சூத்திரம் அன்றுதான் விளங்கத் தொடங்கும். மறுநாள் அவ்வன்பரை அணுகி இன்சொல்லால் திருத்தி உடனிருந்து ஓதுவாராயின், இரக்கம் பயன்பட்டது என்று கொள்ளலாம்.

வளர்ச்சியை அளக்கும் கோல் எத்துணை நூல் முடிந்தது என்பதன்று. சிவஞானபோதம் தன் இறுதிச் சூத்திரத்தை, மலங்கழுவியோர் அடியாரொடு கூடித் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுது வாழ்வர் என்னும் கருத்தோடு முடித்தது. நுண்பொருள் அனைத்தும் ஆராய்ந்த நூல், கற்றவனைத் தனியிடத்து ஏற்றி வைக்காமல், அடியார் கூட்டத்தினிடையே கைகூப்பி நிற்க வைக்கின்றது. கற்றதனால் கை குவிகின்றதா, அன்றி விரல் பிறரைச் சுட்டுகின்றதா என்று நாடோறும் நோக்குக. சுட்டும் விரல் மடங்கிக் குவியுமிடத்தே கற்ற நூல் தன் பயனைத் தந்து நிற்கும்.