என்ன லென்ஸ் சார் வாங்கலாம்?

கையில் போனஸ் வந்ததும் ஆபீஸ் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பி.காம். படித்தவனிடம் வருமான வரியைப் பற்றிக் கேட்டால் நியாயம். இவர்கள் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். அதுவும் 'ஹெச்.டி.ஆருக்கு' என்று ஒரு கண்டிஷனோடு!

ஹெச்.டி.ஆர். ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. சிதம்பரம் நடராஜர் கோயில் கிழக்கு கோபுர வாசலுக்குள் நின்றுகொண்டு வெளியே தெருவைத் திரும்பிப் பாருங்கள். தெருவில் கண் கூசும் வெயில். இரண்டு பக்கச் சுவரிலும் இருட்டுக்குள் 108 கரணங்கள், கட்டம் கட்டமாக ஆடிக்கொண்டிருக்கும். நம் கண் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிடுகிறது. கேமராவால் முடியாது. சுவர் தெரிந்தால் தெரு வெள்ளைக் காகிதம், தெரு தெரிந்தால் சுவர் கரிச்சட்டி.

அதனால் ட்ரைபாடில் நிறுத்தி (முதலில் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்; சித்சபைப் பக்கம் கேமராவே கூடாது), அப்பர்ச்சரைத் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று நாலு படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. 1850-களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று ஒட்டுப்போட்டிருக்கிறார். அதைக் கம்ப்யூட்டரில் கணக்கோடு செய்ய 1997-ல் வழி சொன்னவர்கள் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும். மாலிக் நம்ம கான்பூர் ஐ.ஐ.டி. ஆசாமி.

"அப்ப ஒன்பது படம் எடுத்தா எல்லாமே விழுந்துடுமே சார்?"

விழாது. இங்கேதான் லென்ஸ் வருகிறது.

காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிப் போகிறது. பூச்சு இல்லாத கண்ணாடியில் சுமார் 4 சதவிகிதம். தேய்மானக் கணக்கு போட்டவர்களுக்கு இது சுலபம், வருஷா வருஷம் மிச்சத்தில்தான் கழிக்க வேண்டும். சாதாரண 50 எம்.எம். லென்ஸில் ஆறு கண்ணாடி, ஐந்து தொகுதி, ஆக 10 பரப்பு. நூறு ரூபாய் வெளிச்சம் உள்ளே போனால் 66 ரூபாய் வந்து சேரும். பதினோரு தொகுதி உள்ள ஜூம் லென்ஸில் 22 பரப்பு. 41 ரூபாய்தான் தேறும். 1935-ல் ஜெய்ஸ் கம்பெனியின் ஸ்மக்குலா கண்ணாடிக்குப் பூச்சு பூசக் கண்டுபிடித்தார். இன்றைய நல்ல பூச்சில் பரப்புக்கு அரை சதவிகிதம் என்று வைத்தால் 95, 90 என்று ஆகிவிடும்.

நஷ்டமானது போய்த் தொலைந்தால் பரவாயில்லை. அதில் ஒரு பங்கு உள்ளேயே முட்டி மோதி, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி படிகிறது. எக்ஸ்போஷரைக் கூட்டினால் புகையும் அதே விகிதத்தில் கூடும். ஒன்பது அல்ல, தொண்ணூறு படம் எடுத்தாலும் அந்தப் புகைக்குள்ளிருந்து கரணம் வெளியே வராது.

ஆகவே என் கட்சி: ஜூம் வேண்டாம். கண்ணாடி குறைவான, நல்ல பூச்சுள்ள ஒற்றை லென்ஸ். கரணச் சிற்பத்துக்கு 50, முழு வாசலுக்கு 24. லட்சத்தைத் தொடும் ஜூம்களிலும் புகையை நன்றாக அடக்கியவை உண்டு, அது லட்சம் உள்ளவர்கள் பாடு. கடைக்காரர் 'பாதுகாப்புக்கு' என்று முன்னால் மாட்டிவிடும் மலிவு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அது இன்னும் இரண்டு பரப்பு. செல்போன்காரர்களே, விபூதிக் கையால் லென்ஸைத் தொட்டுவிட்டு செல்போனைத் திட்டாதீர்கள். துடையுங்கள்!

இந்த வாசலை எனக்குக் காட்டியது அப்பா. ரிட்டயர்டு தமிழாசிரியர். குடை நுனியால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக்கொண்டே வருவார். இரண்டு வருஷம் முன்பு அதே இடத்தில் நின்று, "எதிர்ல வெளிச்சம் அடிச்சா சுவரே தெரியலைடா, ஒரே புகையா இருக்கு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. நான் லென்ஸுக்குச் சொன்ன அதே வார்த்தை. கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கி, வெளிச்சத்தை உள்ளேயே சிதறடிக்கிறது.

24 எம்.எம்.முக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கேயும் லென்ஸ் பட்டியல் நீட்டினார்கள், விலைவாசியோடு! மதுரை அரோலேப் 1992-லிருந்து இங்கேயே தயாரிப்பதால் குறைந்த விலையிலும் கிடைக்கிறது. கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் மல்ட்டிஃபோகல் விலை அதிகம். அது வெளிச்சத்தைப் பங்கு போடுவதால் சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்றார் டாக்டர். அப்பா யோசிக்கவே இல்லை.

"தூரம் தெரிஞ்சா போதும் டாக்டர். பேப்பருக்குக் கண்ணாடி போட்டுக்கறேன்."

அவருக்கும் ஒற்றை லென்ஸ்தான்.

போன மாதம் அந்த வாசலில் பழைய 50-ஐ வைத்து ஐந்து படம் எடுத்துச் சேர்த்து அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"ஏன்டா, கோபுர வாசல்ல ட்யூப் லைட்டா போட்டிருக்கான்?"

"நிழல்ல இருக்கறதும் தெரியணும்னுதான்ப்பா..."

"தெரியட்டும். அதுக்காக இருட்டே இல்லாமப் பண்ணுவியா? கொஞ்சம் போடு."

கம்ப்யூட்டரில் நிழலை இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் "நிறுத்து" என்றார்.