தானாக வராதது

மகள் பிறந்து பத்து நாள். பெரக்கரை நாட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் சுரந்தது, பாசம் சுரக்கவில்லை. அவள் அழுதால் எரிச்சல், அழாவிட்டால் பயம். மாமியாரிடம் சொன்னேன். "பெத்தவளுக்கு அது தானா வரும்" என்றார். வராதவள் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் என் கணவர். அதற்கும் பேச்சு வந்தது: "ஆம்பள புள்ளையச் சுமந்துக்கிட்டுத் திரியறான், இவ என்ன பொம்பள?" நான் விலங்கியல் படித்தவள். ஆனாலும் அந்தக் கேள்வியை நம்பினேன்.

மூன்றாம் மாதம், வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடியில் ஒரு புள்ளிப்புறா கூடு வைத்தது. நாலு சுள்ளி, இரண்டு முட்டை. ஒன்று எழுந்து போனால் இன்னொன்று வந்து அமரும். எது ஆண், எது பெண் என்று எனக்குத் தெரியவில்லை. குஞ்சு பொரித்ததும் இரண்டுமே ஊட்டின. புறாக்களில் ஆணுக்கும் தொண்டைப்பையில் 'பால்' சுரக்கும். அதைச் சுரக்க வைப்பது புரோலாக்டின், எனக்குப் பால் தந்த அதே ஹார்மோன். 1930-களின் தொடக்கத்தில் அதற்கு அப்பெயர் வைத்த ஆஸ்கர் ரிடில், அதை அளந்ததே புறாவின் தொண்டைப்பை எவ்வளவு தடிக்கிறது என்று பார்த்துத்தான்.

பழைய பாடப்புத்தகங்களை மீண்டும் எடுத்தேன். டேனியல் லேர்மன் என்ற அமெரிக்க அறிஞர் புறாக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். ஹார்மோன் ஊறி, அதன்பின் பறவை அடைகாக்கிறது என்பது பாதிக் கதைதான். துணையைப் பார்ப்பதும், கூடு கட்டுவதும், முட்டைமேல் அமர்வதுமே அந்த ஹார்மோனை ஊற வைக்கின்றன. செய்யச் செய்யத்தான் உடம்பு மாறுகிறது.

கடற்பறவைகள் இன்னொன்றைச் சொல்லின. அண்டார்க்டிகாவில் எம்பரர் பென்குயின் தாய் ஒரே ஒரு முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து, முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக் காக்கும். இவற்றுக்கு, குஞ்சை விட்டு நெடுநாள் கடலில் இருந்தாலும் புரோலாக்டின் குறைவதில்லை. முட்டையோ குஞ்சோ இழந்தவை சில சமயம் அடுத்தவர் குஞ்சைத் திருடும். 2006-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பறவைகளுக்கு புரோமோகிரிப்டின் கொடுத்தார்கள். குழந்தையை இழந்த பெண்களுக்குப் பால் கட்டாமலிருக்கக் கொடுத்துவந்த அதே மருந்து. புரோலாக்டின் குறைந்தது, திருட்டும் குறைந்தது. ஆனால் திருடிய குஞ்சைப் பெரும்பாலும் அவை சீக்கிரமே கைவிட்டுவிடும். ஹார்மோன் தூக்க வைக்கும், வளர்த்துவிடாது. அதனால் 'எல்லாம் கர்ப்பப்பையில் இருக்கிறது' என்பதை விட்டுவிட்டு 'எல்லாம் ஹார்மோனில் இருக்கிறது' என்று நாம் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதர்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபுவில் 624 இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. தகப்பன் ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருந்தது. குழந்தையோடு தினமும் அதிக நேரம் இருந்தவர்களுக்கு அது இன்னும் குறைவு. குழந்தையைச் சுமந்து நடந்த என் கணவரின் உடம்பும் ஒருவேளை அப்படி மாறியிருக்கும். அவர் ஆண்மை குறைந்தவரும் இல்லை, நான் பெண்மை குறைந்தவளும் இல்லை.

எனக்கு அது எந்த நாளில் வந்தது என்று சொல்ல முடியாது. தினமும் குளிப்பாட்டி, துணி மாற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டைக் காட்டி நின்றதில் எப்போதோ வந்திருக்கிறது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், பிறந்த பிள்ளையோடு வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு ஒண்ணும் தோணவே மாட்டேங்குது."

"தோணலைன்னா பரவால்ல, தூக்கி வெச்சுக்க. ராத்திரியில அவன்கிட்டக் குடு, நீ தூங்கு. ரெண்டு வாரமாகியும் மனசு இப்படியே பாரமா இருந்தா சொல்லு, செம்மேட்டுல டாக்டரைப் பாக்கலாம். நானும் கூட வர்றேன்" என்றேன்.